நான்கு தண்ணீர் கேன்களும் தக்காளி வாடையும்

எங்களுடையது சின்ன நாற்றுப் பண்ணை. வாடிப்பட்டிக்குப் பக்கத்தில், சிறுமலை அடிவாரத்தில் இருக்கிறது. நிழல்வலைக்குக் கீழே குழித்தட்டுகளில் தக்காளி, கத்தரி, மிளகாய் நாற்று வளர்த்துச் சுற்றுவட்டார விவசாயிகளுக்குக் கொடுக்கிறோம். ஐப்பசி மழை சற்று ஓய்ந்த ஒரு காலையில் தக்காளித் தட்டு ஒன்றில் இலை தின்னும் புரோட்டீனியா புழு விழுந்திருந்தது. பத்துப் பதினைந்து நாற்று மொட்டையாகி நின்றன. புழுவைப் பொறுக்கிப் போட்டுவிட்டு, கடிபட்ட நாற்றைப் பிடுங்கி நடைபாதை ஓரத்திலேயே குவித்தேன். எங்களோடு வேலை பார்க்கும் அக்கா அதைப் பார்த்துவிட்டார்.

"இங்கயே போடாதீங்க தம்பி. இதோட வாடை பட்டா மத்த நாத்தும் சொணங்கிப் போகும். தூரக் கொண்டு போய்ப் போடுங்க."

நான் அதற்கு நேர் எதிராகப் படித்திருந்தேன். பூச்சி கடித்த செடி விடும் வாடை பக்கத்துச் செடியை உஷார்ப்படுத்தும், அந்தச் செடி தன் இலையைப் புழுவுக்கு ஆகாததாக மாற்றிக்கொள்ளும் என்று. அதை அக்காவிடம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார், ஆனால் நாற்றை அள்ளிக்கொண்டு போய் வரப்புக்கு அந்தப் பக்கம் கொட்டிவிட்டுத்தான் வந்தார். முப்பது வருடமாகச் செடிகளைக் கையால் தொட்டு வேலை செய்கிறவர். என்னுடையது படித்த அறிவு. சரி, நம் கொட்டகையிலேயே சோதித்துப் பார்த்துவிடலாம் என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். கார்த்திகையில் தொடங்கிய வேலை மாசி கடைசியில்தான் ஒரு நிலைக்கு வந்தது.

முதலில் நான் படித்திருந்ததைச் சொல்லிவிடுகிறேன். 1983இல் அமெரிக்காவில் பால்ட்வின், ஷுல்ட்ஸ் என்ற இருவர் தொட்டியில் வளர்த்த பாப்ளர், மேப்பிள் கன்றுகளின் இலையைக் கிழித்தார்கள். ஒரே காற்றைச் சுவாசித்த, கிழிக்கப்படாத கன்றுகளின் இலையிலும் பூச்சிக்கு ஒவ்வாத பொருள்கள் கூடியிருந்தன. அதே வருடம் ரோட்ஸ் என்பவர் வில்லோ மரங்களில் இதைப் போன்ற ஒன்றைச் சொன்னார். 'மரம் பேசுகிறது' என்று பத்திரிகைகள் கொண்டாடின. ஆனால் 1985இல் ஃபவுலர், லாட்டன் என்ற இருவர் இந்தச் சோதனைகளைக் கடுமையாகக் கேள்வி கேட்டார்கள். வேறு காரணங்களால் அது நடந்திருக்க முடியாது என்பதற்கு என்ன உத்தரவாதம், ஒப்பிட்டுப் பார்க்கப் போதுமான செடிகள் எங்கே என்பது அவர்கள் வாதம். வில்லோ மரங்களில் புழு நோஞ்சானானது வாடையால்தானா, புழுவுக்குள் பரவிய நோயாலா என்ற சந்தேகமும் வந்தது. அந்த விமர்சனம்தான் எனக்கு மிகவும் பயன்பட்டது. வாடை போகும் பாதை ஒன்று அமைத்தால், எல்லா வகையிலும் அதைப் போலவே இருந்து, கடிபட்ட செடி மட்டும் இல்லாத இன்னொரு பாதையும் கட்டாயம் வேண்டும் என்று புரிந்தது.

அதனால் நான்கு கேன். வீடுகளுக்குத் தண்ணீர் போடும் 20 லிட்டர் கேன்களில் கீறல் விழுந்து ஒதுக்கியவற்றை வாங்கி வந்தேன். ஆக்சா பிளேடால் அடிப்பாகத்தை அறுத்து, விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து, சுடுதண்ணீரில் கழுவி, ஒரு வாரம் வெயிலில் போட்டேன். கேனை வாய் மேலே இருக்கும்படி ஒரு தொட்டிச் செடியின் மேல் வைத்து மூடினால் கண்ணாடிக் கூண்டு மாதிரி ஆகிவிடும். மூடியில் இரண்டு துளை. ஒன்றில் நீளமான டியூப், அது தொட்டி மட்டம் வரை இறங்கும், காற்று உள்ளே வர. இன்னொன்றில் குட்டை டியூப், மேலே இருந்து காற்று வெளியேற. மீன்தொட்டிக்கு வைக்கும் இரட்டை வாய் பம்பு ஒன்று. பம்பிலிருந்து காற்று முதலில் கரி நிரப்பிய ஊறுகாய் பாட்டிலுக்குள் போகும். மீன்தொட்டிக் கடையில் வடிகட்டிக்கென்றே விற்கும் கரி அது, வெளி வாசனைகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அங்கிருந்து முதல் கேனுக்கு, அதன் வாயிலிருந்து இரண்டாவது கேனுக்கு, அதிலிருந்து ஜன்னல் வழியாக வெளியே. இப்படி இரண்டு வரிசை. இடது வரிசையில் முதல் கேனுக்குள் புழு கடிக்கும் தக்காளி, வலது வரிசையில் முதல் கேனுக்குள் புழு இல்லாத தக்காளி. இரண்டு வரிசையிலும் இரண்டாவது கேனுக்குள் ஆரோக்கியமான தக்காளி ஒன்று. அதுதான் வாடையைப் பெறும் செடி.

விதை பிகேஎம் 1. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் உருவான ரகம், எங்கள் பக்கத்து மண்ணுக்குப் பழகியது. ஒட்டுவிதையில் செடி ஒரே மாதிரி வரும், ஆனால் எந்த ரகத்துக்கு எந்தக் குணம் என்பது கம்பெனிக்குத்தான் தெரியும். அதனால் தவிர்த்தேன்.

தக்காளியையும் புரோட்டீனியாவையும் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. 2014இல் ஜப்பான் ஆய்வாளர்கள் இதே ஜோடியை வைத்து ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். புழு கடித்த தக்காளியிலிருந்து ஹெக்சீனால் என்ற பொருள் காற்றில் வெளியாகிறது. புல் வெட்டும்போது மூக்கில் ஏறுமே ஒரு பச்சை வாசம், அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. பக்கத்துத் தக்காளி அதை இலை வழியாக உள்ளே இழுத்துக்கொண்டு, அதனோடு சர்க்கரைகளைப் பிணைத்து ஒரு புதுப்பொருளை உண்டாக்குகிறது. அந்தப் பொருள் உள்ள இலையைத் தின்ற புழு சரியாக வளர்வதில்லை. இதைப் படித்தபோது நெடுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். எச்சரிக்கை என்றால் காதில் விழுந்துவிட்டுப் போகிற சத்தம் மாதிரி என்று நினைத்திருந்தேன். இங்கே எச்சரிக்கையாக வந்த பொருளையே செடி எடுத்து ஆயுதமாக மாற்றிக்கொள்கிறது.

இனி பழுதுகள். இந்தப் பதிவை எழுதுவதே பெரும்பாலும் அவற்றுக்காகத்தான்.

முதல் அமைப்பில் கேனைப் பலகைமேல் வைத்து அடியைச் சிலிக்கான் பசையால் ஒட்டினேன். காற்று கசியவில்லை. ஆனால் மறுநாள் மூடியைத் திறந்தால் காடி வாசம். அந்தப் பசை காயும்போது அசிட்டிக் அமிலத்தை விட்டுக்கொண்டே இருக்கும். செடியின் நுண்ணிய வாடையைச் சோதிக்கக் கட்டிய கூண்டுக்குள் வினிகர் நெடி! எல்லாவற்றையும் பிரித்தேன். அக்காதான் வழி சொன்னார். "பலகாரத் தட்டுல எறும்பு ஏறாம இருக்கத் தண்ணிக்குள்ள கிண்ணம் வப்போம்ல, அது மாதிரி வைங்க." எவர்சில்வர் தாம்பாளத்தில் நான்கு விரற்கடை தண்ணீர் விட்டு, நடுவில் செங்கல் துண்டு, அதன்மேல் தொட்டி, அதற்கு மேல் கேன். கேனின் விளிம்பு தண்ணீருக்குள் அமர்ந்ததும் காற்று அடைபட்டுவிட்டது. பசையே தேவையில்லை, எறும்பும் வராது. அதற்கு முந்தைய வாரம்தான் டப்பாவில் வளர்த்த சின்னப் புழுக்களை எறும்பு மொத்தமாகத் தூக்கிப் போயிருந்தது.

இரண்டாவது பழுதைக் கண்டுபிடிக்க ஒன்பது நாள் ஆனது. நான்கு கேனிலும் தக்காளி இலைகள் காம்போடு கீழ்நோக்கி வளைந்து, மடக்கிய குடை மாதிரித் தொங்கின. வாடல் என்று நினைத்தேன். தொட்டி மண் ஈரமாக இருந்தது, இலையும் விறைப்பாகத்தான் இருந்தது. வளைவு மட்டும். வெயில் சூடு காரணமோ என்று, வாசலில் இருந்த அமைப்பை வடக்குப் பார்த்த தாழ்வாரத்துக்கு மாற்றினேன். வெயிலில் கேனுக்குள் 41 டிகிரி வரை போனது உண்மைதான், அதனால் அந்த மாற்றமும் தேவையாகத்தான் இருந்தது. ஆனாலும் இலை நிமிரவில்லை. ஒரு நாள் சாயங்காலம் அடுப்படியில் விறகு புகைந்துகொண்டிருந்தது. பம்பு இருந்த இடத்துக்கும் அடுப்படி ஜன்னலுக்கும் நான்கு அடிதான். அப்போதுதான் பிடிபட்டது: எத்திலீன்.

வாழைத்தாரைப் புகைமூட்டம் போட்டுப் பழுக்க வைப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்தப் புகையில் பழுக்க வைக்கும் வேலையைச் செய்வது எத்திலீன் வாயு. 1901இல் ரஷ்யாவில் நெல்யுபோவ் என்ற மாணவர், விளக்கு எரிக்கும் வாயு கசிந்த அறையில் பட்டாணி முளைகள் கோணலாக வளர்வதற்கு எத்திலீன்தான் காரணம் என்று கண்டுபிடித்தார். தக்காளி இலை இதற்கு மிகவும் கூச்சப்படும். கொஞ்சம் பட்டாலே காம்பு கீழே வளையும். கரிப் பாட்டில் ஏன் தடுக்கவில்லை என்றால், எத்திலீன் மிகச் சிறிய மூலக்கூறு. சாதாரணக் கரி அதைப் பிடித்து வைப்பதில்லை, பெரும்பாலும் நழுவிப் போய்விடும். பம்பை மரப்பெட்டிக்குள் வைத்து, கொட்டகைக்குப் பின்னால் கிணற்றுப் பக்கம் கொண்டு போனேன். அங்கிருந்து டியூபை இழுத்துவந்ததும் மூன்றாம் நாள் புதுச் செடிகள் நேராக நின்றன.

அந்த ஒன்பது நாளும் வீண் என்று எனக்குத் தோன்றவில்லை. செடிக்கு மூக்கு உண்டு என்பதை எந்தப் புத்தகத்தையும் விட அந்த வளைந்த காம்புகள் தெளிவாகக் காட்டின. வாடைச் சோதனையைத் தொடங்குவதற்கு முன்பே, அடுப்புப் புகை என் தக்காளியோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறது.

மூன்றாவது, டியூபில் தண்ணீர். மழைக்கால ஈரக் காற்று, செடி விடும் ஆவி, இரண்டும் சேர்ந்து இணைப்பு டியூபின் தொங்கலான இடத்தில் சொட்டுச் சொட்டாகத் தேங்கி அடைத்துவிட்டது. காற்று போக வழியில்லாமல் தாம்பாளத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு குமிழியாக வெளியேறியது. இரவில் குபுக் குபுக் என்ற சத்தம் கேட்டுத்தான் எழுந்து பார்த்தேன். பெறும் செடியின் கேனை இரண்டு செங்கல் உயர்த்தி வைத்தேன். டியூப் முதல் கேனிலிருந்து தொங்கல் இல்லாமல் மேலேறிப் போனால், சொட்டு தானாகவே முதல் கேனுக்குத் திரும்பி விழுந்துவிடும்.

நான்காவது, இரண்டு வரிசையிலும் காற்றோட்டம் சமமாக இல்லை. இதை அளக்க எளிய வழி: ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி வாளித் தண்ணீருக்குள் கவிழ்த்து, கடைசி டியூபை அதன் வாய்க்குள் நுழைத்து, பாட்டில் காலியாக எத்தனை விநாடி என்று பார்ப்பது. இடதில் 38 விநாடி, வலதில் 52. மீன்தொட்டிக் கடையில் விற்கும் சின்னத் திருகு வால்வைப் போட்டு இரண்டையும் 50க்குக் கொண்டுவந்தேன். அப்படியென்றால் ஒரு கேனின் காற்று முழுவதும் மாற ஏறக்குறைய 17 நிமிடம். வாடை தேங்கிக் கெட்டியாகிவிடாமல் இருக்க இது போதும் என்று விட்டுவிட்டேன்.

புழு பிடிக்கிற வேலை முழுக்க அக்காவுடையது. வரப்போர ஆமணக்கில் இலைக்கு அடியில் புரோட்டீனியா அந்துப்பூச்சி முட்டைக் குவியல் இட்டிருக்கும், மேலே பழுப்பு ரோமம் மூடியிருக்கும். பொரித்த குஞ்சுகள் ஒரே இடத்தில் கூடி இலையைச் சல்லடை மாதிரி அரிக்கும். அந்தச் சல்லடை இலையைத் தூரத்திலிருந்தே அவர் கண்டுபிடித்துவிடுவார். ஒரு சோதனைக்கு ஒரே குவியலில் பொரித்த புழுக்களை மட்டும் பயன்படுத்தினோம், எல்லாம் ஒரே வயது, ஒரே தாய். ஆமணக்கு தின்று வளர்ந்த புழுவைத் திடீரென்று தக்காளியில் விட்டால் அரை நாள் எதையும் தொடாமல் கிடந்தது. அதனால் இரண்டு நாள் தக்காளி இலையிலேயே பழக்கிவிட்டுத்தான் எடுத்தோம். இடது முதல் கேனுக்குள் விட்ட புழுக்களில் சில செடியை விட்டு இறங்கித் தாம்பாளத் தண்ணீரில் விழுந்து செத்தன. பிறகு செடியோடு சேர்த்துக் கொசுவலைத் துணியில் பை தைத்துக் கட்டினோம். வலது செடிக்கும் அதே துணிப் பை, புழு மட்டும் இல்லாமல்.

தை பிறந்த பிறகுதான் ஒழுங்கான சோதனைகள் நடந்தன. முறை இதுதான்: மூன்று நாள் வாடை ஓடும். பிறகு பெறும் செடிகள் இரண்டையும் வெளியே எடுத்து, ஒவ்வொன்றிலும் ஐந்து சின்னப் புழுக்களை வலைப் பையோடு கட்டிவிடுவோம். ஐந்தும் சேர்ந்து 0.10 கிராம் இருக்கும்படி பார்த்துப் பொறுக்குவோம். இரண்டு நாள் கழித்து எடை. நகை எடை போடும் சின்ன டிஜிட்டல் தராசு, 0.01 கிராம் வரை காட்டும். தின்ற இலைப் பரப்பைக் கிராஃப் தாளில் வைத்துக் கட்டம் எண்ணினோம். எந்தத் தொட்டி எந்த வரிசை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். எடை போட்டவர் அக்கா, அவருக்குத் தொட்டி எண் மட்டும் தெரியும். ஒவ்வொரு முறையும் வரிசைகளை இடம் மாற்றினேன். வலதுபக்கம் வெளிச்சம் கொஞ்சம் கூட, அதன் சாயல் முடிவில் விழக்கூடாது.

ஏழு முறை ஓட்டினோம். ஒருமுறை மாதாந்திரப் பராமரிப்புக்காக ஒரு பகல் முழுக்க மின்சாரம் இல்லை, பம்பு நின்றுவிட்டது, அதை ஒதுக்கிவிட்டேன். அதற்குப் பிறகு பம்பை இன்வெர்ட்டரில் மாட்டினேன். மீதி ஆறில் முதல் முறை, கடிபடாத செடியின் காற்றைப் பெற்ற தக்காளியில் புழு 0.43 கிராமுக்கு வளர்ந்தது. கடிபட்ட செடியின் வாடையைப் பெற்றதில் 0.34. நான்காவது முறை வித்தியாசம் இன்னும் பெரிது, 0.45க்கு 0.32. மொத்தம் நான்கு முறை வாடை பெற்ற செடியில் புழு மெலிந்திருந்தது. ஒருமுறை இரண்டும் சமம் என்று சொல்லும்படி இருந்தன. ஒருமுறை தலைகீழாக, வாடை பெற்ற செடியில்தான் புழு கொழுத்தது, 0.36க்கு 0.41. ஏன் என்று காரணம் தேடினேன், எதுவும் அகப்படவில்லை. அதையும் அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்.

ஆறு சோதனை சின்ன எண்ணிக்கைதான். ஆனால் ஜப்பானியர்கள் சொன்ன திசையில்தான் எங்கள் தாழ்வாரமும் சாய்ந்தது. எடைத் தாளை அக்காவிடம் காட்டி எந்தத் தொட்டி எது என்று சொன்னேன். நெடுநேரம் தாளைப் பார்த்துவிட்டு அவர் கேட்ட கேள்வி: "அப்ப வெள்ளை ஈக்கும் இதே கதைதானா?"

அந்தக் கேள்விதான் இந்த வேலை முழுவதிலும் எனக்குக் கிடைத்த பெரிய விஷயம். ஏனென்றால் வெள்ளை ஈக்கு இதே கதை இல்லை. 2019இல் சீன, சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் சேர்ந்து தக்காளியில் வெள்ளை ஈயைச் சோதித்தார்கள். செடிக்குள் இரண்டு பாதுகாப்பு வழிகள் உண்டு. இலையைக் கடிக்கிற பூச்சிக்கு எதிராக ஜாஸ்மோனிக் அமிலம் நடத்துவது ஒன்று. நோய்க்கிருமிக்கு எதிராகச் சாலிசிலிக் அமிலம் நடத்துவது இன்னொன்று. ஒன்று ஓங்கினால் மற்றது பெரும்பாலும் அடங்கும். வெள்ளை ஈ சாறு உறிஞ்சும் தக்காளியிலிருந்து வரும் வாடை, பக்கத்துச் செடியை நோய்க்கிருமி வழிக்குத் திருப்பிவிடுகிறது. பூச்சிக்கு எதிரான வழி அடங்கிப் போகிறது. பிறகு வெள்ளை ஈ வந்து உட்காரும்போது அதன் குஞ்சுகள் அந்தச் செடியில் இன்னும் நன்றாக வளர்கின்றன. பக்கத்துச் செடிக்குப் போவது எச்சரிக்கைதான், ஆனால் தப்பான எதிரியைக் காட்டும் எச்சரிக்கை.

அப்படியென்றால் அக்கா சொன்ன 'வாடை பட்டா சொணங்கும்' என்பது வெள்ளை ஈ விழுந்த செடிக்கு நெருங்கிய உண்மை. நான் சொன்னது புழு விழுந்த செடிக்கு உண்மை. இருவரும் 'பூச்சி' என்று ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டு வேறுவேறு பூச்சியைப் பற்றிப் பேசியிருக்கிறோம்.

இதையும் கேனில் சோதிக்க ஆசை இருந்தது. செய்யவில்லை. தக்காளி இலைச்சுருட்டு நச்சுயிரியைப் பரப்புவது வெள்ளை ஈதான். ஆயிரக்கணக்கான நாற்று நிற்கும் கொட்டகைக்குப் பக்கத்தில் வெள்ளை ஈயை வேண்டுமென்றே வளர்ப்பது, எங்களை நம்பி நாற்று வாங்குகிறவர்களுக்குச் செய்யும் துரோகம். வலைத்துணி ஓட்டை வழியாக ஒரு ஈ தப்பினாலும் போதும்.

இடையில் இரண்டு சின்ன முயற்சிகள். ஒன்று, புழுவுக்குப் பதிலாகக் கத்தரிக்கோலால் இலையை வெட்டினால் போதாதா என்று பார்த்தது. காலையும் மாலையும் வெட்டினோம். இரண்டு முறை ஓட்டியதில் பெறும் செடிகளுக்குள் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. வெட்டியவுடன் பச்சை வாசம் குப்பென்று வருகிறது, சீக்கிரம் அடங்கிவிடுகிறது. புழு இரவும் பகலும் மென்றுகொண்டே இருக்கும். அதோடு அதன் எச்சிலுக்கும் பங்கு உண்டு. மக்காச்சோளத்தில் புழு கடித்தால் அதன் எச்சில் பட்டபிறகு வரும் வாடை, அந்தப் புழுவுக்குள் முட்டையிடும் ஒட்டுண்ணிக் குளவியை வரவழைக்கிறது என்று 1990இல் டர்லிங்ஸ் குழுவினர் காட்டினார்கள். எச்சிலில் உள்ள அந்தப் பொருளை 1997இல் பிரித்தெடுத்து வாலிசிட்டின் என்று பெயர் வைத்தார்கள். கத்தரிக்கோலுக்கு எச்சில் இல்லை.

இன்னொன்று, மதுரைக்காரன் எவனுக்கும் தோன்றக்கூடியது. மேலே சொன்ன ஜாஸ்மோனிக் அமில வகைக்கு உள்ள ஜாஸ்மோனேட் என்ற பெயரே மல்லிகைக் குடும்பத்திலிருந்து வந்தது. மெத்தில் ஜாஸ்மோனேட் என்ற வாசனைப் பொருளை 1962இல் முதலில் பிரித்தெடுத்தது பிச்சிப்பூ எண்ணெயிலிருந்துதான். 1990இல் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஃபார்மர், ரயன் என்ற இருவர், மெத்தில் ஜாஸ்மோனேட் வெளிவிடும் ஒரு காட்டுச் செடியின் கிளைகளை மூடிய அறையில் தக்காளியோடு வைத்தார்கள். பூச்சியின் செரிமானத்தைத் தடுக்கும் புரதங்கள் தக்காளி இலையில் சேர்ந்திருந்தன. அப்படியானால் பிச்சிப்பூவையே கேனுக்குள் வைத்தால்? மாட்டுத்தாவணியிலிருந்து கால் கிலோ வாங்கிவந்து வைத்தேன். கேன் ஈரத்தில் ஒரே நாளில் பூ பழுப்பாகி அழுகல் வாடை அடித்தது. அழுகும் பூவும் எத்திலீன் விடும், தக்காளிக் காம்பு மறுபடியும் வளையத் தொடங்கியது. அந்த வேலையை அங்கேயே நிறுத்தினேன்.

கேனுக்குள் நடந்தது வயலிலும் நடக்குமா என்பது வேறு கேள்வி. மூடிய கேனில் வாடை நேராக அடுத்த செடிக்குப் போகிறது. வயலில் காற்று அள்ளிக்கொண்டு போய்விடும். அமெரிக்காவில் கார்பன் என்பவரின் குழு காட்டுச் செடிகளில் அளந்தபோது, இந்த எச்சரிக்கை ஏறக்குறைய 60 சென்டிமீட்டர் வரைதான் வேலை செய்தது. தக்காளிக்கு நாம் விடும் இடைவெளி 60க்கு 45 சென்டிமீட்டர். எல்லையில்தான் நிற்கிறோம். ஆனால் என் நிழல்வலைக்குள் தட்டும் தட்டும் ஒட்டி நிற்கின்றன, காற்றும் குறைவு. வயலை விட நாற்றங்காலில்தான் இந்த வாடைக்கு அதிக வேலை இருக்கும் என்று நினைக்கிறேன்.

வயல் அளவில் வாடையைப் பயன்படுத்தியவர்களும் இருக்கிறார்கள். கென்யாவில் மக்காச்சோளத்தின் நடுவே டெஸ்மோடியம் என்ற பயறுவகைச் செடியும், சுற்றிலும் நேப்பியர் புல்லும் வளர்க்கிறார்கள். டெஸ்மோடியத்தின் வாடை தண்டுத்துளைப்பான் அந்துப்பூச்சியை விரட்டும். நேப்பியர் அதைத் தன் பக்கம் இழுக்கும், அங்கே இட்ட முட்டையில் வரும் புழுக்கள் பெரும்பாலும் பிழைக்காது. நம் ஊரில் மாட்டுக்குப் போடும் கம்பு நேப்பியர் அந்தப் புல்லையும் கம்பையும் சேர்த்து உருவாக்கியது. இங்கே அது வரப்பில் தீவனமாக மட்டும் நிற்கிறது.

இப்போது கொட்டகையில் நாங்கள் மாற்றிக்கொண்டது இவ்வளவுதான். புரோட்டீனியா கடித்த நாற்று இருந்தால் புழுவை மட்டும் பொறுக்குகிறோம். குருத்து பிழைத்திருந்தால் நாற்றைப் பிடுங்காமல் தட்டிலேயே விடுகிறோம். வெள்ளை ஈ கண்ட தட்டு என்றால் ஒரு மணி நேரம்கூட வைப்பதில்லை. விடியற்காலையில், ஈ குளிரில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் நேரத்தில், தட்டோடு பிளாஸ்டிக் பையை மாட்டி, வாயைக் கட்டிய பிறகுதான் தூக்குகிறோம். கட்டாமல் தூக்கினால் ஈ எழுந்து பக்கத்துத் தட்டில் உட்காரும். அடுப்படிப் பக்கம் இருந்த முளைப்பு அறையையும் கிணற்றுப் பக்கம் மாற்றிவிட்டோம்.

கேன்களைக் கழுவி வெயிலில் கவிழ்த்திருக்கிறேன். அடுத்தது சின்ன வெங்காயம். சுவீடனில், வெங்காயத்தின் வாடை பட்ட உருளைக்கிழங்குச் செடியை, சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி அவ்வளவாக விரும்புவதில்லை என்று 2013இல் காட்டினார்கள். அங்கே வெங்காயத்தை யாரும் கடிக்கவில்லை, வெட்டவில்லை, சும்மா பக்கத்தில் நின்றது. எங்கள் பக்கம் உருளை கிடையாது. அதனால் பெறும் செடி கத்தரி. இடது முதல் கேனில் வெங்காயத் தொட்டி, வலது முதல் கேனில் அதே அளவு ஈரமண் நிரப்பிய வெறும் தொட்டி. அவரைக் கொடியில் ஏறியிருக்கும் கருப்பு அசுவினி கத்தரிக்கு வராது, கத்தரியில் வாழும் அசுவினிதான் வேண்டும் என்று அக்கா சொன்னார். நேற்றிலிருந்து அதைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.